கைப்பேசிச் செயலியில் தரவு ஒத்திசைவின் முன்னேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்தூக்கிப் பராமரிப்பு, வீடு தேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் தாதிமை, பொருள் விநியோகம் எனச் சிங்கப்பூரில் களப்பணி செய்பவர்களில் பலர் தங்கள் அன்றாட வேலையை இப்போது கைப்பேசிச் செயலியில்தான் பதிவு செய்கிறார்கள். அவர்களும், அத்தகைய செயலிகளை எழுதும் நிரலாளர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: நான் பதிந்தது போய்ச் சேர்ந்ததா, எவ்வளவு சேர்ந்தது? கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். முதலில் வருபவை செயலியைப் பயன்படுத்துவோருக்கு உரியவை. போகப்போக, செயலியை உருவாக்குவோருக்கு உரியவை மிகும்.

ஒத்திசைவு என்பது படத்தை மேலே ஏற்றுவதுதானே? வேறென்ன இருக்கிறது அதில்?

மேலே ஏற்றுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. உங்கள் கைப்பேசியில் ஒரு பிரதி இருக்கிறது, நிறுவனத்தின் சர்வரில் ஒரு பிரதி இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கும்படி செய்வதுதான் ஒத்திசைவு. கடைசியாக ஒத்திசைந்த பிறகு இங்கே என்ன மாறியது என்று செயலி முதலில் பார்க்கிறது. அதை அனுப்புகிறது. சர்வர் அதைச் சேமித்து, சேமித்துவிட்டதாக மறுமொழி தருகிறது. பிறகு அங்கே மாறியவற்றை, உதாரணமாக மேற்பார்வையாளர் மாற்றிய நாளைய வேலைப் பட்டியலை, செயலி இறக்கித் தன் பிரதியில் எழுதிக்கொள்கிறது.

இந்த வரிசை மனத்தில் இருந்தால், கீழே வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும். திரையில் தெரியும் ஒரே பட்டை இத்தனை கட்டங்களையும் சேர்த்துக் காட்ட முயல்வதால்தான் அது சில நேரங்களில் விளங்காத விதமாக நடந்துகொள்கிறது.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு முடிந்தது என்று எங்கே பார்ப்பது?

மூன்று தகவல்களைத் தேடுங்கள்: இன்னும் அனுப்பப்படாதவை எத்தனை, கடைசியாக வெற்றிகரமாக ஒத்திசைந்த நேரம் எது, இந்தக் கணத்தில் செயலி என்ன செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான செயலிகளில் இவை அமைப்புகள் பக்கத்திலோ உங்கள் கணக்கின் படத்தைத் தொட்டால் வரும் பக்கத்திலோ இருக்கும். கூகல் ஃபோட்டோஸ் அப்படித்தான் எத்தனை படங்கள் மீதமுள்ளன என்று காட்டுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மேலிருந்து கீழே இழுக்கும் அறிவிப்புப் பகுதியிலும் முன்னேற்றப் பட்டை வரலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்புக் காட்டச் செயலி உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். நிறுவிய அன்று அனுமதி மறுத்திருந்தால் அந்தப் பட்டை உங்கள் கண்ணில் படாது.

செயலியில் இவை எதுவுமே இல்லையென்றால், நம்பத்தகுந்த வழி ஒன்றுண்டு. அதே கணக்கில் வேறொரு கருவியிலோ கணினியின் உலாவியிலோ நுழைந்து, நீங்கள் பதிந்தது அங்கே தெரிகிறதா என்று பாருங்கள்.

"சேமிக்கப்பட்டது" என்று வந்துவிட்டது. அப்படியென்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

அப்படிக் கொள்ள வேண்டாம். பல செயலிகள் கைப்பேசியில் எழுதியவுடனேயே "சேமிக்கப்பட்டது" என்று சொல்லிவிடுகின்றன. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. கைப்பேசியில் சேமிக்கப்பட்டது, அனுப்பப்படுகிறது, சர்வர் பெற்றுக்கொண்டது என்ற மூன்று நிலைகளையும் வேறுபடுத்திக் காட்டும் செயலியே நல்ல செயலி. வாட்ஸ்அப் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது: கடிகாரக் குறி இருந்தால் செய்தி இன்னும் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது, ஒற்றைக் குறி வந்தால் அனுப்பப்பட்டுவிட்டது, இரட்டைக் குறி வந்தால் பெறுபவரின் கருவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பதிவுத் தபாலில் கடிதத்தைக் கொடுத்தவுடன் கிடைக்கும் ரசீது வேறு, பெற்றவர் கையெழுத்திட்டுத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை வேறு. ஒத்திசைவில் நாம் காத்திருக்க வேண்டியது அந்த ஒப்புகைக்காகத்தான். இந்தப் பக்கத்தில் இனி "ஒப்புகை" என்று வரும் இடமெல்லாம் சர்வர் தரும் அந்த உறுதிமொழியையே குறிக்கும்.

99 விழுக்காடு வரை மளமளவென்று போய், அங்கேயே நின்றுவிடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. செயலி எண்ணுவது வெளியே அனுப்பிய பைட்டுகளை; அந்த எண்ணிக்கை முடிந்த பிறகும், சர்வர் கோப்பைச் சரிபார்த்து, சிறுபடம் உருவாக்கி, தரவுத்தளத்தில் எழுதி, ஒப்புகை அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கைப்பேசிக்குத் தெரியாது. மேலும், கைப்பேசி "அனுப்பிவிட்டேன்" என்று கணக்கிடும் பைட்டுகளில் கடைசிச் சில இன்னும் அதன் இடைநினைவகத்திலேயே காத்திருக்கலாம். வேறொரு காரணமும் உண்டு: எல்லாம் போய், ஒரே ஒரு பதிவு மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருக்கலாம்.

செயலியைத் திறந்தபடி, திரை அணையாமல், நல்ல வைஃபையில் சில நிமிடம் விட்டுவையுங்கள். கடைசி ஒத்திசைவு நேரம் மாறாமலே இருந்தால் உங்கள் தொழில்நுட்ப உதவியாளரிடம் சொல்லுங்கள். அதற்குமுன் செய்யக்கூடாதது ஒன்றுண்டு: செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். அமைப்புகளில் அந்தச் செயலியின் தரவை அழிக்கும் பொத்தானையும் தொடாதீர்கள். இன்னும் போய்ச் சேராத பதிவுகள் அந்தக் கைப்பேசியில் மட்டுமே இருக்கின்றன. செயலியோடு அவையும் போய்விடும். பலரும் முதலில் செய்வது இதைத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

80 இருந்தது, இப்போது 60 காட்டுகிறது. எண் எப்படிப் பின்னால் போகும்?

மொத்தம் கூடியிருக்கும். நீங்கள் ஒத்திசைவு நடக்கும்போதே மேலும் ஐந்து படங்கள் எடுத்திருந்தால், வகுக்கும் எண் பெரிதாகி விழுக்காடு குறையும். சர்வர் மாற்றங்களைப் பக்கம் பக்கமாகத் தரும்போது, அடுத்த பக்கம் இருக்கிறது என்பதே முந்தைய பக்கம் முடியும்போதுதான் செயலிக்குத் தெரியவரும். பெரிய கோப்பின் ஒரு துண்டு பாதியில் அறுந்து, அந்தத் துண்டு மட்டும் மறுபடி அனுப்பப்படும்போதும் இப்படி நேரும். உங்கள் தரவு எதுவும் இதனால் தொலைவதில்லை.

வேலை பாதி நேரம் அடித்தளத்தில்தான். சமிக்ஞை போனால் முதலிலிருந்து ஆரம்பிக்குமா?

செயலி எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. பதிவுகளைத் தனித்தனியாக அனுப்பும் செயலியில், ஒப்புகை பெற்றவை மறுபடி போகா; அறுந்த பதிவு மட்டுமே மீண்டும் போகும். பெரிய காணொளி போன்றவற்றைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையும் இருக்கிறது. கூகல் டிரைவ் அப்படி வாங்குகிறது: ஒவ்வொரு துண்டும், கடைசித் துண்டு நீங்கலாக, 256 கிலோபைட்டின் மடங்காக இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் "எதுவரை வந்தது" என்று கேட்டு அங்கிருந்து தொடரலாம், தொடங்கிய பதிவேற்றத்தின் முகவரி ஒரு வாரம் வரை செல்லும்.

சிங்கப்பூரில் சமிக்ஞை இல்லாத இடமே இல்லை என்று நினைப்பவர்களுக்குக் களப்பணியாளர்களின் நாள் தெரியாது. மின்தூக்கிக் குழி, கார் நிறுத்துமிடத்தின் கீழ்த்தளங்கள், புதிய வீவக வீடுகளில் உள்ள தடித்த கான்கிரீட் சுவர்கொண்ட பாம் ஷெல்டர் ஆகியவை எல்லாம் சமிக்ஞை தளரும் இடங்கள். இங்கே நன்றாக எழுதப்பட்ட செயலி பட்டையை உறையவிடாமல், "இணைப்பு இல்லை, 12 பதிவுகள் காத்திருக்கின்றன" என்று சொல்ல வேண்டும். காத்திருப்பதும் ஒரு நிலைதான். அதையும் காட்டுவது செயலியின் கடமை.

வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் நகரவில்லை. ஏன்?

கடைத்தொகுதிகளிலும் ஊழியர் தங்கும் விடுதிகளிலும் உள்ள சில வைஃபைகளில், முதலில் உள்நுழைவுப் பக்கம் ஒன்றை முடித்தால்தான் வெளியே வழி திறக்கும். அதுவரை கைப்பேசி இணைந்திருப்பதாகத் தெரியும், தரவு போகாது. உலாவியைத் திறந்து ஏதாவது ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். விடுதியில் இரவு எல்லாரும் வீட்டுக்குக் காணொளி அழைப்புப் பேசும் நேரத்தில் பெரிய படங்கள் மெல்லத்தான் போகும். விடியற்காலையில் முயல்வது நல்லது.

ஜோகூருக்குப் போய்வந்தால் ஒத்திசைவு நின்றுபோகிறது.

கடற்பாலத்தை நெருங்கும்போதே கைப்பேசி மலேசியக் கட்டமைப்பைப் பற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுத் தரவுச் சேவையை அணைத்து வைத்திருந்தால் ஒத்திசைவு நிற்கும். திரும்பி வந்ததும் பெரும்பாலும் தானாகத் தொடரும். தொடராவிட்டால் விமானப் பயண முறையை ஒருமுறை போட்டு எடுங்கள்.

கிடங்கில் இருக்கும் பழைய ஸ்கேனர் கருவி 2024 வரை நன்றாக ஒத்திசைந்தது. இப்போது அசைவதே இல்லை. செயலியில் கோளாறா?

கருவி 3ஜி வரை மட்டுமே அறிந்ததா என்று பாருங்கள். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017லும் 3ஜி சேவை 2024லும் நிறுத்தப்பட்டன. அத்தகைய கருவி இனி வைஃபையில்தான் ஒத்திசையும்.

திரையை அணைத்துவிட்டுப் பையில் போட்டுவிடலாமா? செயலியை மேலே தள்ளி மூடினால்?

திரையை அணைப்பது ஒன்று, மூடுவது வேறொன்று. ஐபோனில், முறையாக எழுதப்பட்ட செயலியின் கோப்பு அனுப்பும் வேலையை இயங்குதளமே தனியாக எடுத்துச் செய்வதால், திரை அணைந்தாலும் அது தொடரும். ஆனால் செயலிகளின் வரிசையிலிருந்து அதை மேலே தள்ளி மூடினால், அந்த வேலைகளை இயங்குதளம் ரத்து செய்துவிடுகிறது. கைப்பேசியின் வேகத்தைக் கூட்டுவதாக நினைத்து எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடும் பழக்கம் உள்ளவர்கள், நிலுவை ஏதும் இல்லை என்று பார்த்த பிறகு அதைச் செய்யலாம்.

ஆண்ட்ராய்டில், 2015இல் வந்த 6.0 பதிப்பு முதல், மின்னேற்றியில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து வெகுநேரம் கிடக்கும் கைப்பேசி ஆழ்ந்த ஓய்வு நிலைக்குப் போகிறது. இணையத் தொடர்பை இடையிடையே சிறிது நேரம் மட்டுமே தருகிறது. இரவில் ஒத்திசைய விடுவதென்றால் மின்னேற்றியில் மாட்டி வையுங்கள். ஐபோனுக்கும் இந்த அறிவுரை பொருந்தும். குறைந்த மின்சக்தி முறையில் ஐகிளவுட் படங்களின் ஒத்திசைவு நிறுத்திவைக்கப்படும்.

பழைய கைப்பேசியை விற்கப் போகிறேன். எப்போது அழித்தால் பாதுகாப்பு?

நிலுவை எண்ணிக்கை சுழியமாகி, கடைசி ஒத்திசைவு நேரம் உங்கள் கடைசிப் பதிவுக்குப் பிந்தையதாகி, வேறொரு கருவியிலிருந்து அந்தக் கடைசிப் பதிவையே நீங்கள் திறந்து பார்த்த பிறகு. மூன்றும் வேண்டும். படமாக இருந்தால் சிறுபடம் தெரிவதோடு நிற்காமல் முழுப் படமாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். சிறுபடம் முன்னே போய், மூலப்படம் பின்னே வருவது வழக்கம்.

நான் செயலி எழுதுகிறேன். முன்னேற்றப் பட்டை கட்டாயம் வேண்டுமா, சுற்றும் வட்டம் போதாதா?

ஒரு நொடிக்குள் முடிவதற்கு எதுவும் வேண்டாம். பத்து நொடி வரை வட்டம் போதும். அதைத் தாண்டினால் மனிதர்களின் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. அப்போது அளவு காட்ட வேண்டும். முடிந்த விழுக்காட்டைக் காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்பதை பிராட் மையர்ஸ் 1985லேயே ஆய்வில் காட்டினார். களப்பணிச் செயலியில் இதற்கு இன்னும் நேரடியான காரணம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்குக் கிளம்பலாமா, சமிக்ஞை உள்ள இடத்திலேயே இன்னும் இரண்டு நிமிடம் நிற்க வேண்டுமா என்று ஒரு தாதி முடிவெடுக்க அந்தப் பட்டை உதவ வேண்டும்.

விழுக்காட்டைப் பதிவுகளின் எண்ணிக்கையில் கணக்கிடுவதா, பைட்டுகளிலா?

எண்களை வைத்தே பார்ப்போம். ஒரு தொழில்நுட்பரின் கைப்பேசியில் 52 உருப்படிகள் நிலுவை என்று கொள்ளுங்கள்: தலா 2 கிலோபைட் கொண்ட 44 அறிக்கைகள், தலா 4 மெகாபைட் கொண்ட 8 படங்கள். எண்ணிக்கையில் கணக்கிட்டால், அறிக்கைகள் போய் முடிந்ததும் பட்டை 85 விழுக்காட்டைத் தொடும். உண்மையில் போனது மொத்தப் பைட்டுகளில் ஒரு விழுக்காட்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு படங்கள் போகும் நேரமெல்லாம் பட்டை நின்றதுபோல் தோன்றும். பைட்டுகளில் மட்டும் கணக்கிட்டாலோ, 44 அறிக்கைகளும் போகும்வரை பட்டை அசையாது. ஆனால் ஒவ்வொரு கோரிக்கையும் போய்த் திரும்பும் நேரம் உண்மையான செலவுதான்.

நான் பரிந்துரைப்பது இரண்டையும் சேர்ப்பது. ஒவ்வோர் உருப்படிக்கும் அதன் பைட்டுகளோடு ஒரு நிலையான சுமையையும், உதாரணமாக 50 கிலோபைட்டை, கூட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அறிக்கைகள் முடியும்போது பட்டை ஏறத்தாழ 7 விழுக்காட்டில் இருக்கும். அது நேரத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். அந்த நிலையான சுமை எவ்வளவு என்பதை உங்கள் பயனர்களின் உண்மையான இணைப்பில் அளந்து முடிவு செய்யுங்கள். பட்டைக்குக் கீழே "52இல் 44 சேர்ந்தன" என்று சொற்களிலும் காட்டுங்கள். பட்டை ஒரு மதிப்பீடு; அந்த வாக்கியம் உண்மைத் தகவல். இரண்டில் ஒன்றை மட்டுமே வைக்க முடியும் என்றால் வாக்கியத்தையே வைக்கச் சொல்வேன்.

மொத்தத்தை ஒத்திசைவு தொடங்கும் கணத்தில் எண்ணி நிலைநிறுத்திவிடுங்கள். நடுவே சேர்பவை அடுத்த சுற்றுக்குப் போகட்டும். எண் பின்னால் போகும் குழப்பம், மேலே ஒருவர் கேட்டது, பெருமளவு இதிலேயே தீர்ந்துவிடும்.

மொத்தம் எவ்வளவு என்றே சர்வர் சொல்வதில்லை. எதை வைத்து வகுப்பது?

மறுமொழி துண்டு துண்டாக வரும் முறையில் மொத்த நீளம் முன்கூட்டி அறிவிக்கப்படாது. சுருக்கி அனுப்பப்படும் மறுமொழியில் நீளம் தரப்பட்டாலும் அது சுருக்கப்பட்ட அளவு. நீங்கள் எண்ணுவது விரித்த பைட்டுகளாக இருந்தால் கணக்கு நூறைத் தாண்டும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸில் அத்தகைய மறுமொழிக்கு எதிர்பார்க்கப்படும் அளவாகக் கழித்தல் 1 வந்து நிற்கும். அதை அப்படியே வகுக்கும் எண்ணாகப் போட்டால் விழுக்காடு எதிர்மறையாகிவிடும்.

சர்வர் உங்கள் கையில் இருந்தால், மாற்றங்களின் எண்ணிக்கையை முதல் மறுமொழியிலேயே தரச் சொல்லுங்கள்; தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. அது முடியாதென்றால் பொய்யான விழுக்காட்டைவிட "இதுவரை 340 பதிவுகள் வந்துள்ளன" என்று ஏறும் எண் மேலானது. இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள்: மாற்றங்களை மட்டும் கேட்க நீங்கள் வைத்திருக்கும் அடையாளக் குறி காலாவதியாகலாம். கூகல் காலண்டர் அப்போது 410 என்ற நிலை எண்ணை (கோரிக்கை என்னவாயிற்று என்று சர்வர் சொல்லும் எண்) தந்து, எல்லாவற்றையும் மறுபடி இறக்கச் சொல்லும். மூன்று நொடியில் முடிவது பல நிமிடமாகும் நாள் அது. பயனருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டில் வொர்க்மேனேஜர் வழியாக முன்னேற்றத்தைக் காட்டுகிறேன். வேலை முடிந்ததும் எண் காணாமல் போகிறதே?

பின்னணி வேலைகளை நடத்தும் ஆண்ட்ராய்டு நிரலகமான வொர்க்மேனேஜர் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. முன்னேற்ற மதிப்பை, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே எழுதவும் கவனிக்கவும் முடியும். முடிந்த பிறகும் தெரிய வேண்டிய எண்களை உங்கள் தரவுத்தளத்தில், ஒவ்வொரு பதிவின் நிலையாக எழுதிவையுங்கள். திரை அந்தத் தரவுத்தளத்தைப் படிக்கட்டும். செயலி பாதியில் கொல்லப்பட்டு மறுபடி திறந்தாலும் எண் சரியாக இருக்க இதுவே வழி. வொர்க்மேனேஜர் வழியே கடத்தும் தரவு 10 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது என்பதால், பதிவுகளின் பட்டியலையே அதில் திணிக்க முயல வேண்டாம்.

குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் காலவேலையின் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம் என்பதையும், தரவு ஒத்திசைவு வகையைச் சேர்ந்த, அறிவிப்புக் காட்டியபடி ஓடும் முன்னணிச் சேவைக்கு ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் 24 மணி நேரத்துக்கு 6 மணி நேர வரம்பு இருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஐபோனில் பின்னணியில் போகும் பதிவேற்றத்துக்கு எப்படி?

செயலி திரையில் இல்லாதபோதும் கோப்பு அனுப்பும் ஆப்பிளின் வசதியான பின்னணி யூஆர்எல்செஷனைப் பயன்படுத்துங்கள். அதில் பதிவேற்றம் கோப்பிலிருந்து மட்டுமே நடக்கும், நினைவகத்தில் உள்ள தரவிலிருந்து நடக்காது. அனுப்பிய பைட்டுகளை அது அவ்வப்போது தெரிவிக்கும். செயலி உறங்கும்போது அந்தத் தகவல் வராது. விழித்ததும் நிலுவை வேலைகளைக் கேட்டுப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். பின்னணிப் புதுப்பிப்புக்கு ஏறக்குறைய 30 நொடிதான் கிடைக்கும். பெரிய ஒத்திசைவை அதில் தொடங்க வேண்டாம். 2025இல் வந்த ஐஓஎஸ் 26, பயனர் தொடங்கிய நீண்ட வேலையைப் பின்னணியிலும் தொடர இடம் தருகிறது. ஆனால் அந்த வேலை தன் முன்னேற்றத்தைத் தொடர்ந்து தெரிவித்தாக வேண்டும்.

ஃபயர்ஸ்டோரும் கிளவுட்கிட்டும் தாமே ஒத்திசைகின்றன. அவற்றில் விழுக்காடு எங்கே?

தருவதில்லை. கூகலின் தரவுத்தளச் சேவையான ஃபயர்ஸ்டோரில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் "இன்னும் சர்வருக்குப் போகாத மாற்றம் இருக்கிறதா" என்ற ஆம் அல்லது இல்லை கிடைக்கும். அதுவரை எழுதிய அனைத்தும் ஒப்புகை பெறும்வரை காத்திருக்கும் கட்டளையும் உண்டு. கருவியில் தரவைச் சேமிக்கும் ஆப்பிளின் கோர் டேட்டாவை, ஐகிளவுடில் தரவைச் சேமிக்கும் கிளவுட்கிட்டோடு இணைக்கும் கொள்கலன், ஐஓஎஸ் 14 முதல், ஏற்றுமதியோ இறக்குமதியோ எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, வெற்றியா என்பதைத் தெரிவிக்கிறது. எத்தனை பதிவுகள் என்று சொல்வதில்லை. இவற்றிலிருந்து விழுக்காட்டைக் கற்பனை செய்யாமல், கிடைக்கும் நிலைகளையே காட்டுங்கள்.

அனுப்பிவிட்டோம், ஒப்புகை வரும் முன் இணைப்பு அறுந்தது. அது முடிந்ததா, முடியவில்லையா?

கைப்பேசியால் அறிய முடியாது. எனவே முடியவில்லை என்றே கொண்டு மறுபடி அனுப்ப வேண்டும். மறுபடி அனுப்பினாலும் இரட்டிக்காதபடி செய்ய வேண்டும். பதிவு பிறக்கும்போதே கைப்பேசியில் அதற்கு 128 பிட் தனித்த அடையாள எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய ஒப்புகையையே திருப்பித் தரட்டும். இது இல்லாத செயலியில் ஒரே நோயாளிக்கு ஒரே மருந்து இரண்டு முறை கொடுக்கப்பட்டதாகப் பதிவாகும் ஆபத்து இருக்கிறது. முன்னேற்றப் பட்டையின் நேர்மை இந்த எண்ணில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பதிவு தோற்றால் மற்ற 51உம் நிற்க வேண்டுமா?

வேண்டாம், ஒன்று மற்றொன்றைச் சார்ந்திராத வரை. தோல்வியை இரண்டாகப் பிரியுங்கள். 503, 429 போன்ற நிலை எண்களோடு வருபவை காத்திருந்தால் சரியாகக்கூடியவை. இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மறுபடி முயலலாம். 400, 422 போன்றவை எத்தனை முறை அனுப்பினாலும் சரியாகா. அவற்றைத் தனியே ஒதுக்கி, "51 சேர்ந்தன, 1 உங்கள் கவனத்துக்குக் காத்திருக்கிறது" என்று காட்டுங்கள். பட்டையை நூறுக்குக் கொண்டுபோக அந்த ஒன்றையும் முடிந்ததாக எண்ணிவிடாதீர்கள்.

இரண்டு தாதியர் ஒரே நோயாளியின் குறிப்பைத் தனித்தனியே திருத்தியிருந்தால் வரும் மோதலும் இப்படித்தான். கடைசியாக வந்ததே நிலைக்கும் என்று விட்டுவிட்டால் பட்டை அழகாக முடியும், ஒருவரின் குறிப்பு சத்தமில்லாமல் அழியும். சிகிச்சைக் குறிப்புகளில் இரண்டையும் வைத்திருந்து, மனிதர் ஒருவர் தேர்ந்தெடுக்கும்வரை நிலுவையில் காட்டுவதே தகும்.

சென்னையில் இருக்கும் எங்கள் நிரலாளர் பார்த்தால் கடைசி ஒத்திசைவு நேரம் இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. யாருடைய நேரம் சரி?

இரண்டும் சரி; காட்டும் முறை சரியில்லை. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கிறது, இந்தியா ஐந்தரை மணி முன்னால். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து, திரையில் மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுங்கள். எது புதியது என்று முடிவுசெய்யக் கைப்பேசிக் கடிகாரத்தை நம்பாதீர்கள். அதைப் பயனர் கையால் மாற்ற முடியும். சர்வர் தரும் வரிசை எண்ணே போதும்.

மீதமுள்ள நேரத்தைக் காட்டலாமா?

நிமிடக் கணக்கில், தோராயமாக மட்டும். வைஃபையிலிருந்து கைப்பேசிக் கட்டமைப்புக்கு மாறும் கணத்தில் வேகம் பல மடங்கு மாறும். கடந்த சில நொடிகளின் சராசரியை வைத்து "சுமார் 3 நிமிடம்" என்று சொல்லுங்கள். நொடிகளைக் காட்ட வேண்டாம்.

யாருடைய கைப்பேசியில் எவ்வளவு நிலுவை என்று மேற்பார்வையாளருக்குக் காட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நிலுவை எண்ணிக்கை, கடைசி ஒத்திசைவு நேரம், செயலியின் பதிப்பு ஆகிய மூன்றும் போதும். அவை உண்மையிலேயே உதவும். அதோடு இருப்பிடத்தையும் பதிவின் உள்ளடக்கத்தையும் சேர்த்து அனுப்பும் ஆசை எழும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நியாயமான நோக்கத்துக்குத் தேவையானதை, அந்த நோக்கத்தைத் தெரிவித்துத் திரட்டச் சொல்கிறது. ஒத்திசைவைக் கண்காணிக்க இருப்பிடம் தேவையில்லை. பிழைப் பதிவேடுகளில் நோயாளியின் பெயரோ அடையாள அட்டை எண்ணோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவின் அடையாள எண்ணே போதும். கைப்பேசியில் நிலுவையில் காத்திருக்கும் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் டாக்சியில் தவறவிடப்படுவது அந்தக் கைப்பேசிதான்.

எல்லாம் முடிந்தது என்று செயலி சொல்கிறது, ஒப்புகையும் வந்திருக்கிறது. ஆனால் அலுவலகக் கணினியில் காணவில்லை. இப்போது யாரை நம்புவது?

ஒப்புகை எதற்கு உறுதி தந்தது என்று பாருங்கள். செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் இணைய நெறிமுறையான எச்டிடிபியில் 201 என்றால் உருவாக்கப்பட்டது. 202 என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டது, வேலை இன்னும் முடியவில்லை. பல சர்வர்கள் வந்ததை ஒரு வரிசையில் போட்டுவிட்டு 202 தந்துவிடுகின்றன. அந்த வரிசையிலிருந்து எடுத்துத் தரவுத்தளத்தில் எழுதும் நிரல் பிந்தலாம், அல்லது அங்கே தோற்கலாம். அலுவலகத் திரை படிப்பது தரவுத்தளத்தின் நகலை என்றால், அந்த நகல் சில நொடிகள் பின்தங்கியிருக்கவும் கூடும். ஆகவே 202ஐ ஒப்புகையாக எண்ணாதீர்கள். அதோடு வரும் நிலை முகவரியைச் செயலி மறுபடி கேட்டு, எழுதியாகிவிட்டது என்ற மறுமொழி வந்த பிறகே அந்தப் பதிவைச் "சேர்ந்தது" என்ற நிலைக்கு மாற்றட்டும். அதுவரை கைப்பேசியில் உள்ள பிரதியை அழிக்கக்கூடாது.

களத்தில் இருப்பவர் செய்யக்கூடியது எளிது. சேர்ந்துவிட்ட பதிவைத் திறந்தால் அதன் அடையாள எண் தெரிய வேண்டும். அதை அலுவலகத்துக்கு அனுப்பினால், வரிசையில் நிற்கிறதா, தோற்றதா, வேறொரு நோயாளியின் பெயரில் விழுந்ததா என்று அவர்கள் தேடிச் சொல்ல முடியும். உங்கள் செயலி அந்த எண்ணைக் காட்டவில்லையென்றால், காட்டும்படி உருவாக்கியவர்களிடம் கேளுங்கள். ஒரு வரியைத் திரையில் சேர்க்கும் வேலைதான் அது.